கடற்படை அதிகாரிக்கு விண்வெளியில் என்ன வேலை?

நிலாவில் இதுவரை கால் வைத்தவர்கள் 12 பேர். அவர்கள் எந்தப் படையிலிருந்து வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ஆம்ஸ்ட்ராங், கான்ராட், பீன், ஷெப்பர்ட், மிட்செல், யங், செர்னன் என ஏழு பேர் அமெரிக்கக் கடற்படையில் விமானிகளாக இருந்தவர்கள். (ஆம்ஸ்ட்ராங் நிலாவுக்குப் போன சமயத்தில் படையில் இல்லை, ஆனால் கொரியப் போரில் அவர் பறந்தது கடற்படைக்காகத்தான்.) விமானப்படைக்காரர்கள் நாலே பேர். மிச்சமுள்ள ஒருவர் நிலவியல் விஞ்ஞானி. பறப்பதற்கென்றே தனியாக ஒரு படை இருக்கும்போது கப்பல்காரர்கள் எப்படி முந்தினார்கள்?

இதைப் பொதுவாக விளக்குவதைவிட ஒரே ஒருவரின் வேலை வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் எளிதில் புரியும். அதற்கு ஜான் யங்கைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஜெமினி, அப்பல்லோ, ஸ்பேஸ் ஷட்டில் என மூன்று தலைமுறைக் கலங்களிலும் பறந்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் ஆம்ஸ்ட்ராங் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்வோம். கடற்படை அதிகாரி என்றதும் கப்பலின் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் ஒருவர்தான் மனதில் வருவார். ஆனால் அமெரிக்கக் கடற்படைக்குள்ளேயே பெரிய விமானப் பிரிவு ஒன்று இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து போர் விமானங்களை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் கடற்படை அதிகாரிகள்தான், விமானப்படையிலிருந்து கடன் வாங்கிய ஆட்கள் அல்ல.

யங் 1930 செப்டம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார், வளர்ந்தது ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில். 1952-ல் ஜார்ஜியா டெக்கில் விமானப் பொறியியல் பட்டம். படிக்கும்போதே கடற்படையின் மாணவர் பயிற்சித் திட்டத்தில் இருந்ததால், பட்டம் வாங்கிய கையோடு என்சைன், அதாவது கடற்படையின் ஆகக் கீழான அதிகாரிப் பதவி கிடைத்தது. ஆனால் நேராக விமானத்தில் ஏற்றிவிடவில்லை. லாஸ் என்ற போர்க்கப்பலில் போட்டார்கள். பீரங்கிகள் எங்கே, எந்தக் கோணத்தில் குறிவைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து இயக்குவிக்கும் பொறுப்பு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது, கப்பலும் கொரியக் கடலில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் விமானப் பயிற்சி. 1954 கடைசியில் கடற்படை விமானி ஆனார். அடுத்த நான்கு வருடம் போர் விமானப் படைப்பிரிவு ஒன்றில் கூகர், க்ரூசேடர் ரக ஜெட்களை ஓட்டினார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் கடற்படை விமானிகளுக்கு மட்டும் அமையும் ஒரு பயிற்சி இந்த வருடங்களில்தான் நடக்கிறது. அதுதான் கப்பலில் இறங்குவது. தரையில் இருக்கும் ஓடுபாதை எங்கும் போய்விடாது. கப்பல் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், அலைக்கு ஏறி இறங்கும், போதாக்குறைக்கு இறங்குதளம் கப்பலின் நேர்க்கோட்டிலிருந்து சற்றே சாய்வாகப் போடப்பட்டிருக்கும், ஆக நீங்கள் குறிவைக்கும் இடம் எந்நேரமும் பக்கவாட்டில் விலகிக்கொண்டிருக்கும். விமானத்தின் வால்பகுதியில் ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே தடிமனான எஃகுக் கம்பிகள் சில கட்டியிருக்கும். கொக்கி ஒரு கம்பியில் மாட்டினால் இரண்டு மூன்று விநாடிகளில் விமானம் நின்றுவிடும். மாட்டாவிட்டால்? அதற்காகத்தான் சக்கரம் தளத்தைத் தொட்ட அந்தக் கணமே விமானி என்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளுகிறார். நிற்கப்போகும் நேரத்தில் எதற்கு முழு வேகம் என்று தோன்றும். கொக்கி கம்பியைத் தவறவிட்டிருந்தால், தளம் முடிவதற்குள் மறுபடி மேலே எழும்பியாக வேண்டும். மாட்டியதா இல்லையா என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க நேரம் கிடையாது, அதனால் தவறிவிட்டது என்றே வைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

அதோடு முடியவில்லை. தளத்தின் ஓரத்தில் ஒரு அதிகாரி நின்று ஒவ்வொரு இறக்கத்துக்கும் மதிப்பெண் போடுவார். உயரம் கூடிவிட்டதா, வேகம் குறைந்ததா, எந்தக் கம்பியில் மாட்டியது எல்லாம் எழுதப்படும், அந்த மதிப்பெண் சக விமானிகள் அத்தனை பேர் கண்ணிலும் படும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இறங்குவதில் கிடைக்கும் திறமையைவிட, தன் வேலையை மற்றவர் எடைபோடுவதைத் தினமும் சகித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் விண்வெளி வேலைக்கு அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

சரி, அடுத்த படி சோதனை விமானி ஆவது. 1959-ல் யங் மேரிலாந்தின் பேட்டக்சென்ட் ரிவர் தளத்தில் இருக்கும் கடற்படையின் சோதனை விமானிப் பள்ளிக்குப் போனார். சோதனை விமானி என்றால் புது விமானத்தை எடுத்துக்கொண்டு போய் வானத்தில் தலைகீழாகச் சுழற்றும் துணிச்சல்காரர் என்ற ஒரு பிம்பம் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை அது. குறிப்பிட்ட உயரம், குறிப்பிட்ட வேகம். இரண்டையும் அசையாமல் பிடித்துக்கொண்டு கட்டுப்பாட்டுக் குச்சியை ஒரு தடவை முன்னால் தட்டிவிட வேண்டும். விமானத்தின் மூக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடுகிறது, எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று குறிக்க வேண்டும். அப்புறம் வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி மறுபடியும் அதே தட்டல். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள், இல்லாவிட்டால் எது எதனால் ஆனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தரைக்கு வந்த பிறகு அறிக்கை எழுத வேண்டும், அதுவும் வடிவமைத்த பொறியாளர் படித்ததும் எந்தப் பாகத்தைத் திருத்துவது என்று தெரியும்படி. விமானம் மோசமாக இருந்தால் மோசம் என்று எழுதியாக வேண்டும், தயாரித்த நிறுவனம் முகம் சுளித்தாலும்.

யங் அங்கே க்ரூசேடர், ஃபேன்டம் விமானங்களின் ஆயுத அமைப்புகளைச் சோதித்தார். 1962-ல் ஃபேன்டமில் 3,000 மீட்டர் உயரத்தை ஏறத்தாழ 34.5 விநாடியிலும், 25,000 மீட்டர் உயரத்தை நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவும் எட்டி உலகச் சாதனை செய்தார்.

நாசா எதற்காக இப்படிப்பட்டவர்களைத் தேடியது என்பதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. முதல் விண்வெளி வீரர்களை ராணுவச் சோதனை விமானிகளிலிருந்தே எடுக்கலாம் என்று அதிபர் ஐசன்ஹோவர் முடிவு செய்தார். பொதுமக்களிடம் விண்ணப்பம் வாங்கினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ராணுவத்தினரின் உடல்நலக் குறிப்புகள், பறந்த மணிநேரம், பின்னணி விசாரணை எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருக்கும். 508 பேரின் கோப்புகளைப் புரட்டி, 110 பேர் தகுதியானவர்கள் என்று பிரித்து, கடைசியில் 1959-ல் ஏழு பேரை அறிவித்தார்கள். அந்த ஏழில் மூவர் கடற்படை: ஷெப்பர்ட், ஷிரா, கார்பென்டர். 1961 மே 5 அன்று விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆன ஆலன் ஷெப்பர்டும் பேட்டக்சென்ட் ரிவரிலிருந்து வந்தவர்தான். யங் 1962 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது அணியில் வந்தார். அதில் மொத்தம் ஒன்பது பேர், ஆம்ஸ்ட்ராங்கும் அதே அணிதான்.

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. நாசா ராணுவ அமைப்பு அல்ல. அப்படியானால் நாசாவில் சேர்ந்தவர் கடற்படையை விட்டுவிட்டாரா? இல்லை. நாசாவின் பணிக்கென்று கடற்படை அவரை அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். பதவி, பதவி உயர்வு எல்லாம் படையிலேயே தொடரும். யங் கேப்டன் பதவிவரை உயர்ந்து (கடற்படைக் கேப்டன் தரைப்படையின் கர்னலுக்குச் சமம்) 1976-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் நான்கு முறை விண்வெளிக்குப் போய்வந்தாயிற்று! ஓய்வுக்குப் பிறகும் சிவிலியனாக நாசாவிலேயே இருந்தார்.

அவருடைய முதல் பயணம் 1965 மார்ச் 23, ஜெமினி 3. கஸ் கிரிசம் தலைவர், யங் துணை. ஜெமினி கலத்தில் மனிதர்கள் ஏறியது அதுவே முதல் தடவை. ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான பயணம், பூமியை மூன்று சுற்று. இந்தப் பயணத்தைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை சாண்ட்விச் கதைதான். யங் தன் உடையின் பையில் மாட்டிறைச்சி சாண்ட்விச் ஒன்றை ஒளித்து எடுத்துப்போய் மேலே கிரிசத்திடம் நீட்டினார். அவர் ஒரு கடி கடித்ததும் ரொட்டித் துகள்கள் மிதக்க ஆரம்பித்தன, உடனே மடித்து உள்ளே வைத்துவிட்டார். எடையற்ற இடத்தில் துகள் கீழே விழாது, கருவிகளுக்குள் புகுந்துவிடும். விஷயம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவரை போனது. ஒழுங்குக்குப் பேர்போன ஒருவர் செய்த குறும்பு என்பதால்தானோ என்னவோ, இன்றுவரை இந்தக் கதைக்கு ஆயுள் இருக்கிறது.

1966-ல் ஜெமினி 10-க்கு அவரே தலைவர், கூட மைக்கேல் காலின்ஸ். ஆளில்லாத அஜீனா கலம் ஒன்றோடு இணைந்து, அதன் என்ஜினையே பயன்படுத்தி சுமார் 760 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனார்கள். பிறகு ஜெமினி 8 விட்டுவிட்டுப் போயிருந்த இன்னொரு அஜீனாவைத் தேடிப்பிடித்தார்கள். நிலாவுக்குப் போவதென்றால் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தேடிச் சேரத் தெரிந்திருக்க வேண்டும், ஜெமினி திட்டம் இருந்ததே அந்த ஒத்திகைக்குத்தான். 1969 மே மாதம் அப்பல்லோ 10-ல் அதை நிலாவைச் சுற்றியே செய்துபார்த்தார்கள். ஸ்டாஃபோர்டும் செர்னனும் இறங்குகலத்தில் ஏறி நிலாத்தரைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர்வரை போய்த் திரும்பினார்கள், இறங்கவில்லை. தாய்க்கலத்தில் யங் மட்டும் இருந்தார். நிலாவைத் தன்னந்தனியாகச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். அவ்வளவு பக்கத்தில் போய் இறங்காமல் திரும்புவது எவ்வளவு கடுப்பாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும், ஆனால் சோதனைப் பறத்தல் என்றாலே அப்படித்தான், அன்றைக்குத் திட்டத்தில் இருப்பதை மட்டும் செய்துவிட்டு வர வேண்டும்.

அப்புறம் மாற்று அணி என்ற ஏற்பாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முழுப் பயிற்சி பெற்ற இன்னொரு அணி தயாராக இருக்கும். அப்பல்லோ காலத்தில் ஒரு பயணத்துக்கு மாற்றாக இருந்தவர்கள் இரண்டு பயணங்களை விட்டு மூன்றாவதில் போவது வழக்கம். யங் அப்பல்லோ 13-க்கு மாற்றுத் தலைவர். அவர் அணியில் இருந்த சார்லி ட்யூக்குக்கு ஜெர்மன் தட்டம்மை வந்தது. முதன்மை அணியின் கென் மாட்டிங்லிக்கு அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்து, கடைசி நேரத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். அப்பல்லோ 13-ல் பிராணவாயுக் கலன் வெடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மையைக் கொண்டுவந்த ட்யூக், அம்மையே வராமல் வாய்ப்பை இழந்த மாட்டிங்லி, இருவரும் யங்கோடு சேர்ந்து 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16-ல் போனார்கள்.

ராக்கெட் கிளம்பியபோது தன் நாடித்துடிப்பு 144, யங்குடையது 70 என்று ட்யூக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நிலாவைச் சுற்றத் தொடங்கி, இறங்குகலம் பிரிந்த பிறகு தாய்க்கலத்தின் பெரிய என்ஜினைத் திருப்பும் மாற்று அமைப்பில் ஓர் ஆட்டம் தெரிந்தது. அந்த என்ஜின் இல்லாமல் வீடு திரும்ப முடியாது. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இரண்டு கலங்களும் சுற்றிக்கொண்டே காத்திருக்க, பூமியில் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்து, பரவாயில்லை இறங்கலாம் என்றார்கள். இறங்கினார்கள்.

டெஸ்கார்ட்ஸ் மேட்டுநிலம் என்ற அந்தப் பகுதி எரிமலைக் குழம்பால் உருவானது என்று விஞ்ஞானிகள் எதிர்பார்த்திருந்தார்கள். மூன்று தடவை வெளியே போய், மின்சார வண்டியில் சுற்றி, சுமார் 96 கிலோ கல்லும் மண்ணும் சேர்த்தார்கள். எடுத்த கற்கள் பெரும்பாலும் எரிமலைப் பாறையாக இல்லை. விண்கற்கள் மோதி நொறுங்கி, திரும்ப ஒட்டிக்கொண்ட பாறைகளாக இருந்தன. எதிர்பார்ப்பு என்னவோ அதைப் பார்க்காமல், கண்ணில் பட்டதை அப்படியே அங்கிருந்தே சொன்னார்கள். பேட்டக்சென்ட் ரிவரில் எழுதிய அறிக்கைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பொருள்தான் வேறு. எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. நிலாத்தரைக்குள்ளிருந்து வரும் வெப்பத்தை அளக்கும் கருவியின் கம்பியில் யங்கின் கால் சிக்கி, கம்பி அறுந்து, அந்தச் சோதனையே போய்விட்டது. இன்னொரு நேரத்தில், இதயத்துக்கு நல்லதென்று பொட்டாசியம் கலந்து கொடுத்த ஆரஞ்சுச் சாறு தன் வயிற்றைப் படுத்தும் பாட்டை ட்யூக்கிடம் விலாவாரியாகப் புலம்பினார், மைக் திறந்திருந்ததால் பூமியும் கேட்டுக்கொண்டிருந்தது.

நிலாவில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஷட்டில் திட்டத்துக்கான நிதி நாடாளுமன்றத்தின் கீழவையில் தேறிய செய்தி அவருக்கு வந்தது. ஒன்பது வருடம் கழித்து, 1981 ஏப்ரல் 12 அன்று, அந்த ஷட்டிலின் முதல் பயணத்துக்கு அவரே தலைவர். வயது 50. பக்கத்து இருக்கையில் பாப் கிரிப்பன், அவரும் கடற்படைதான். அதற்கு முந்தைய அமெரிக்கக் கலங்கள் எல்லாவற்றையும் முதலில் ஆளில்லாமல் ஏவிப் பார்த்திருந்தார்கள். கொலம்பியா என்ற இந்த ஷட்டிலை மட்டும் முதல் தடவையே ஆட்களோடு ஏவினார்கள். இறங்கும்போது ஷட்டில் என்ஜின் உதவி இல்லாத வெறும் கிளைடர். ஓடுபாதையைத் தவறவிட்டால் சுற்றி வந்து மறுபடி இறங்க வழியே கிடையாது. கப்பல் தளத்தைத் தொட்டதும் முழு வேகம் கொடுத்துப் பழகியவருக்கு இது நேரெதிரான வேலை. இதற்கென்றே மாற்றியமைத்த ஒரு ஜெட்டில் திரும்பத் திரும்பப் பழகினார்கள்.

ஏப்ரல் 14 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் இறங்கினார்கள். படிகளில் இறங்கிய யங் நேராகக் கலத்துக்கு அடியில் போய், வெப்பத்தைத் தாங்க ஒட்டியிருந்த ஓடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். 16 ஓடுகள் விழுந்துபோயிருந்தன, 148 சேதமாகியிருந்தன. பரவாயில்லை என்று பட்டிருக்க வேண்டும், காற்றில் முஷ்டியைக் குத்தினார். நாடித்துடிப்பு ஏறாத மனிதர் என்று பெயர் வாங்கியவரின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1983-ல் ஆறாவதாக, கடைசியாகப் போனார், மறுபடி கொலம்பியா, ஆறு பேர், பத்து நாள். இறங்குவதற்கு முன்னால் இரண்டு கணினிகள் செயலிழந்து எல்லாரையும் கலங்கடித்தன.

1974 முதல் 1987 வரை விண்வெளி வீரர்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவியில் இருக்கும்போதுதான், 1986 ஜனவரி 28 அன்று, சாலஞ்சர் என்ற ஷட்டில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வழக்கமாக அடக்கி வாசிப்பார்கள். யங் அப்படி அடக்கி வாசிக்கவில்லை. ஏவுதல் அட்டவணையைக் காப்பாற்றும் அவசரத்தில் பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்று சொல்லி, எங்கெங்கே ஆபத்து இருக்கிறது என்று பட்டியலிட்டு உள்குறிப்புகள் எழுதினார். அவை பத்திரிகைகளுக்கும் கசிந்தன. 1987-ல் அவரைத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்து, ஜான்சன் விண்வெளி மையத்தில் பொறியியல், பாதுகாப்பு ஆலோசகராகப் போட்டார்கள். வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. 2004 கடைசிவரை, மொத்தம் 42 வருடம் நாசாவில் இருந்தார். 2018 ஜனவரி 5 அன்று 87 வயதில் காலமானார்.

என்னைக் கேட்டால், ஒரு கடற்படைச் சோதனை விமானி விண்வெளிக்கு எதைக் கொண்டுவந்தார் என்ற கேள்விக்கு நிலாப் பயணத்தைவிட அந்தக் குறிப்புகள்தான் நேரான பதில். கலம் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், சோதனை விமானியாக இருந்தபோதும் தலைவரானபோதும் அவர் செய்தது அதையே.

இந்த வழி இன்றும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஒரே வழி அல்ல. இப்போது நாசா கேட்பது அமெரிக்கக் குடியுரிமை, அறிவியல், பொறியியல் போன்ற துறையில் முதுகலைப் பட்டம், பிறகு வேலை அனுபவம் அல்லது தலைமை விமானியாக 1,000 மணி நேரம், அதில் பெரும்பகுதி ஜெட் விமானத்தில். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் வரலாம். சோதனை விமானிப் பள்ளியில் தேறியிருந்தால் முதுகலைப் பட்டத்துக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்கிறார்கள். புதுக் கலத்தின் முதல் பயணம் என்று வரும்போது மட்டும் பழைய பழக்கம் மாறவில்லை. 2024 ஜூனில் போயிங்கின் ஸ்டார்லைனர் முதன்முதலாக ஆட்களோடு கிளம்பியபோது உள்ளே இருந்த இருவர், புட்ச் வில்மோர், சுனிதா வில்லியம்ஸ். வில்மோர் கப்பல் தளத்திலிருந்து ஜெட் ஓட்டியவர், சுனிதா ஹெலிகாப்டர் விமானி. இருவருமே பேட்டக்சென்ட் ரிவரில் படித்த கடற்படைக் கேப்டன்கள். கலத்தில் கோளாறு வந்து, எட்டு நாள் போலத் திட்டமிட்டிருந்த பயணம் 2025 மார்ச்வரை இழுத்து, கடைசியில் வேறொரு கலத்தில்தான் திரும்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.